அம்மாவின் ஒரே கோப்பு

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. முடிதிருத்துபவர், பின்பக்க வீடு, அரை அங்குலக் குழாய்," என்றாள் அம்மா.

"சரி," என்றேன்.

"தொள்ளாயிரத்து ஏழு. ஓய்வுபெற்ற ஆசிரியை, மாடி, அரை அங்குலம்."

"சரி."

"நீ பார்த்துட்டுச் சொல்றியா, சொல்லிட்டுப் பார்க்கிறியா?"

"பார்த்துட்டுத்தாம்மா."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடுற நேரமாவது வேணும்டி. உன் 'சரி' எனக்கு முன்னாடி ஓடுது."

சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அம்மாவுடையதில் சொற்செயலியின் பழைய பதிப்பு, என்னுடையதில் புதியது. இரண்டிலும் ஒரே கோப்பு. அவள் பக்க எண்ணையும் அந்தப் பக்கத்தில் இருக்கும் வீட்டையும் வாசிப்பாள். என் திரையிலும் அதே எண்ணில் அதே வீடு இருந்தால் நான் 'சரி' சொல்ல வேண்டும். மொத்தம் 4,306 பக்கங்கள். அது எட்டாவது ஞாயிற்றுக்கிழமை.

சோபாவிலிருந்த அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "ஒருத்தி ஏலம் விடுறா, ஒருத்தி அத்தனையையும் எடுத்துக்கிறா. இந்த வீட்டுல ஒரு டீ போட மட்டும் ஆள் இல்ல," என்றார்.

3,908இல் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "கண்ணு எரியுது. மீதியை அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்."

மீதி 398.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, அலுவலகப் படிக்கட்டில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படி காரணமில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார்.

அம்மா குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் தட்டச்சர். முப்பத்தைந்து வருடம். முதல் பதினோரு வருடம் தட்டச்சு இயந்திரத்தில், மீதி இருபத்து நான்கு கணினியில். கணினி வந்த அன்று அப்போதைய மேலாளர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சிதறக் கூடாது," என்று உத்தரவிட்டாராம். அவர் நினைத்தது ஒரே அறையாக இருக்கலாம், ஒரே அலமாரியாக இருக்கலாம். அம்மா ஒரே கோப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

கோப்பின் பெயர் 'மொத்தம்'. ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு தர அனுமதித்தால், அந்த அனுமதிக் கடிதத்தை அம்மா கோப்பின் கடைசியில், ஒரு புதிய பக்கத்தில் அடிப்பாள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பக்கத்தின் அடியில் தானாக விழும் எண்தான் அந்த வீட்டின் இணைப்பு எண். அந்த எண்ணைத் தகரத் தகட்டில் பொறித்துக் குழாயில் மாட்டிவிடுவார்கள். எழுநூற்றுப் பன்னிரண்டாம் தகடு தொங்கும் வீட்டின் கடிதம் வேண்டுமென்றால் எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனால் போதும். இதைவிட எளிமையான தரவுத்தளத்தை நான் பார்த்ததில்லை. என் நிறுவனத்தில் இதே வேலைக்கு ஒன்பது பேரையும் ஒரு காபி இயந்திரத்தையும் வைத்திருக்கிறோம்.

ஒரே ஒரு குறை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தாவ ஒரு கட்டளை இருக்கிறது. அம்மா அதைப் பயன்படுத்தியதே இல்லை. கடிதம் முடிந்ததும் அடுத்த பக்கம் கண்ணில் படும்வரை எண்டர் விசையைத் தட்டிக்கொண்டே போவாள். சராசரியாகப் பக்கத்துக்குப் பத்தொன்பது தட்டு. மொத்தம் எண்பதாயிரத்துக்கு மேல்.

கல்லூரி முதல் வருடத்தில் அறிவு பொங்கி வழிந்த ஒரு நாள் நான் சொன்னேன். "கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டு ஒரே ஒரு தட்டு தட்டினா அடுத்த பக்கம் வந்துடும்மா."

"ஒரே தட்டுல வர்றது ஒரே தட்டுல போயிடும். பத்தொன்பது தட்டி வந்தா நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியும்."

அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "உங்கம்மா முதல் கியர்லயே ஊருக்குப் போய்ச் சேர்றவ. விடு," என்றார்.

கோப்பு வளர வளரத் திறப்பதற்கு நேரமானது. கடைசி வருடங்களில் பதினோரு நிமிடம். காலையில் கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து ஒரு சுற்றுப் போவாள். ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது. யார் யாரோடு பேசவில்லை. திரும்பி வந்தால் கோப்பு திறந்திருக்கும், இரண்டு மனுவாவது மேசை மாறியிருக்கும். "அந்தப் பதினோரு நிமிஷத்துலதான்டி அந்த ஆபீஸ் நடக்குது. மீதி நேரம் எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்காங்க," என்பாள்.

இப்போதைய மேலாளருக்கு அலுவலகத்தில் 'மேலிடம்' என்று பெயர். மின்விசிறியை நிறுத்தலாமா என்று கேட்டாலும் "மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பவர். இருபது வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தவர். காரியம் ஆக வேண்டுமென்றால் அம்மாவை 'அக்கா' என்பார், கூட்டம் என்றால் 'மேடம்' என்பார். அம்மா கூட்டத்தில் 'சார்' என்பாள், தனியாக இருக்கும்போது 'தம்பி'.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை மின்னஞ்சலில் வந்தது. திறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும். மேலிடம் அதை அச்செடுத்து, தலைகீழாகவும் பார்த்துவிட்டு, அம்மாவிடம் பதில் அடிக்கச் சொன்னார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. வாசிக்க இயலவில்லை. வாசிக்கத்தக்க வடிவில் அனுப்பக் கோருகிறோம்.' அடுத்த சுற்றறிக்கை வந்தது. அதிலும் கட்டங்கள், இந்த முறை தடித்த எழுத்தில். மறுபடி பதில். நான்கு போயின, நான்கு வந்தன. எட்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் பொறுக்கமாட்டாமல் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லா அலுவலகங்களும் சொற்செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் சுற்றறிக்கை. அதைப் புதிய பதிப்பில் அடித்து அனுப்பியிருந்தார்கள். கடைசி நாள் முடிந்து நான்கு மாதமாகியிருந்தது. ஏன் மாற்றவில்லை என்று விளக்கம் கேட்டதுதான் தடித்த எழுத்துக் கடிதம்.

மேலிடம் உடனே செயலில் இறங்கினார். குழு ஒன்றை அமைத்தார். 'பதிப்பு உயர்த்தல் ஆலோசனைக் குழு.' ஐந்து உறுப்பினர். அதில் கணினியைத் தொடுபவர்கள் இரண்டு பேர்: அம்மா தட்டச்சுக்காக, மேலிடம் தூசி தட்டுவதற்காக. மீட்டர் பார்ப்பவரைக் 'களப் பிரதிநிதி' என்று சேர்த்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் அவர்தான் விஷயத்துக்கே வந்தாராம்.

"புதுசு போட்டா தண்ணி அதிகமா வருமா சார்?"

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அப்ப நமக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

இது குறிப்பேட்டில், 'களப் பிரதிநிதி தொழில்நுட்ப ஐயங்களை எழுப்பினார்' என்று பதிவானது. இரண்டாம் கூட்டத்தில் பிஸ்கட் உப்பா இனிப்பா என்பது முடிவானது.

எல்லாம் சுற்றி வந்து ஒரு தாளில் நின்றது. பதிப்பு மாற்றத்துக்கு முன்னால் ஆவணக் காப்பாளர் ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். 'பதிப்பை உயர்த்துவதால் எந்த ஆவணமும் இழக்கப்படாது, மாறாது என்று சான்றளிக்கிறேன்.' ஆவணக் காப்பாளர் அம்மா. கண்ணால் பார்க்காத எதன் கீழும் முப்பத்தைந்து வருடமாகக் கையெழுத்திடாதவள். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மதிய இடைவேளையில் எனக்குப் போன் செய்தாள்.

"புதுசுக்கு மாத்தினா ஏதாவது ஆகுமாடி?"

"ஒண்ணும் ஆகாதும்மா. பழைய கோப்பை அப்படியே திறக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. சாப்பிட்டியா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் மென்பொருள் சோதனையாளர். புதிய பதிப்பு வரும்போது பழையது எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அம்மாவின் கோப்பைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த எண்பதாயிரம் தட்டுகளைப் பற்றியும் தெரியும். ஆனால் கையில் சாண்ட்விச் இருந்தது.

மூன்றாம் கூட்டத்தில் செயல்விளக்கம். விற்பனைப் பிரதிநிதி கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மீட்டர்காரர் அவருக்கு அங்கேயே 'டை' என்று பெயர் வைத்துவிட்டார்.

"மேடம், இதுல நூத்தம்பது எழுத்துரு இருக்கு."

"எனக்கு ஒண்ணு போதும் தம்பி."

"எழுத்துக்கு நிழல் கொடுக்கலாம்."

"ஏன், வெயில்லயா நிக்குது?"

"செஞ்சதை நூறு தடவை பின்னால போய் மாத்தலாம் மேடம்."

"நான் யோசிச்சுட்டுத்தான் தம்பி அடிக்கிறது."

டை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து காட்டினார். ஒன்பது விநாடி. மேலிடம் கை தட்டினார். அம்மா தட்டவில்லை. திரையின் அடியில் மொத்தப் பக்கங்கள் 4,391 என்று இருந்தது.

"எண்பத்தஞ்சு பக்கம் எங்கிருந்து வந்துச்சு?"

"அது... போனஸ் மேடம்."

"ஆயிரத்து நூத்து இருபதாவது பக்கத்துக்குப் போங்க."

அது மேலிடத்தின் சொந்த வீடு. டை போனார். திரையில் 'சலவை நிலையம், வணிக இணைப்பு, ஒன்றரை அங்குலக் குழாய்' என்று வந்தது.

"இது என்ன? என் வீடு எங்க?" என்றார் மேலிடம்.

"நீங்க இப்ப துணி வெளுக்கிறீங்க சார்," என்றார் மீட்டர்காரர்.

நடந்தது சாதாரண விஷயம். புதிய பதிப்பில் வரியின் உயரம் ஒரு துளி அதிகம். அம்மா தட்டிய வெற்று வரிகளில் ஒன்று அங்கங்கே அடுத்த பக்கத்துக்கு வழிந்திருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் பின்னால் இருக்கும் அத்தனையும் தள்ளும். ஊரில் பாதிப் பேர் அடுத்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் துறையில் இது முதல் வாரப் பாடம்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். எனக்குத் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். பேசவில்லை. இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். பார்க்காம 'நிச்சயமா'ன்னு சொன்னே பாரு."

அன்று மாலையே வெற்று வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பழையதில் ஒவ்வொரு பக்கமும் முடிந்த இடத்தில் அந்தத் தாவும் கட்டளையைப் போட ஒரு சிறு நிரல் எழுதினேன். நான்கு நிமிடம் ஓடியது. புதிய பதிப்பில் திறந்தேன். 4,306. மேலிடத்துக்கு வீடு திரும்பக் கிடைத்தது.

"சரியாயிடுச்சும்மா. கையெழுத்துப் போடு."

"யார் பார்த்தது?"

"இன்னொரு நிரல் வச்சுச் சரிபார்த்துட்டேன்."

"மெஷின் செஞ்சதை மெஷின் பார்த்துச்சா? நல்லா இருக்கு, திருடன் கையில சாவியைக் கொடுத்துட்டு எண்ணிப் பார்த்துக்கோன்னு சொன்ன கதை. ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்கா?"

இல்லை என்று சொன்னேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்படித்தான் எட்டு ஞாயிறுகள். அம்மா பெரிதாக எதையும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எண், வீடு, குழாய் அளவு, சரி. நடுநடுவே, "இந்த வீட்டுக்காரர் மனுவோட கூடவே அழுகையையும் கொண்டு வந்தார்," "இவங்க கடிதம் வாங்கிட்டுப் போய் மறுநாள் வீட்டை வித்துட்டாங்க" என்று ஒன்றிரண்டு. புதிய பதிப்பை அவளிடம் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் சிவப்புக் கோடு போட்டது. "இதுக்கு யாரையுமே பிடிக்கல போலிருக்கே," என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனால் ஒன்பது விநாடியில் திறந்ததை மட்டும் இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தாள். மாற்றம் வரட்டும் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். "செடிக்குத் தண்ணி ஊத்த வேற சாக்கு கண்டுபிடிக்கணும்," என்றாள்.

ஏழாவது ஞாயிறு 3,377க்கு வந்தோம்.

அம்மா வாசிக்கவில்லை.

"என்னம்மா?"

"உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெற்றுப் பக்கம்."

"இங்கயும் ஒண்ணுமில்ல."

புதிய பதிப்பின் தவறல்ல. பழையதிலேயே வெறுமை. பத்தொன்பது, இருபது, ஐம்பது எண்டர்கள், ஓர் எழுத்து இல்லை. அடியில் எண் மட்டும் ஒழுங்காக 3,377. அப்படியென்றால் ஊரில் எங்கோ 3,377ஆம் தகடு ஒரு குழாயில் தொங்குகிறது, யாரோ தண்ணீர் பிடிக்கிறார்கள், அவர்களுடைய அனுமதி மட்டும் கோப்பில் இல்லை.

அம்மா முந்தைய பக்கத்தின் தேதியைப் பார்த்தாள். பதினொன்று. பிந்தைய பக்கம் பதின்மூன்று. எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து வந்தாள். அந்த வருடம் அந்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவள் அலுவலகத்தில் இல்லை. தலைமை அலுவலகத்தில் ஒருநாள் கணினிப் பயிற்சி. பாடத்தை அவளே குறித்து வைத்திருந்தாள்: 'கோப்பைச் சேமித்தல்.'

"அன்னிக்கு உன் சீட்ல யாரும்மா?"

"மேலிடம். அப்ப இளநிலை எழுத்தர். பக்கத்தை உண்டாக்கிச் சேமிச்சிருக்கான். அப்புறம் கடிதம் அடிச்சு, அச்செடுத்துக் கொடுத்திருக்கான். சேமிக்காம மூடியிருக்கான்."

அப்பா செய்தித்தாளை முழுதாக இறக்கினார். அது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. "மாட்டினான். நாளைக்கே குழுவுல எடுத்து வை. மேலிடத்தை மேலிடத்துக்கு அனுப்பு."

"எடுத்து வச்சா அதுக்கு ஒரு குழு போடுவாங்க. குழு முடிவு சொல்றதுக்குள்ள அந்த வீட்டுல குழாயை அறுத்துடுவாங்க."

அது உண்மை. படிக்க முடிந்த முதல் சுற்றறிக்கையின் ஆறாம் பத்தி அது. பதிப்பு மாறியதும் கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போகும், அனுமதிக் கடிதம் இல்லாத எண்கள் பட்டியலாகும், அந்த இணைப்புகள் முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்படும்.

"சரி, நீயே ஒரு கடிதம் அடிச்சு வச்சிடேன். எல்லாம் ஒரே மாதிரிதானே?"

"பார்க்காத கடிதத்தையா?"

அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவனை ஏன் சொல்லணும். மறுநாள் வந்து உட்கார்ந்தப்ப நான் ஒரு பக்கம் மேல போய்ப் பார்த்திருக்கணும். அடிச்சிருப்பான்னு நினைச்சுக்கிட்டு அடுத்த பக்கத்துல ஆரம்பிச்சிருக்கேன். இதுல உன்கிட்ட வேற ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

அதுதான் அவள் என்னிடம் கேட்ட மன்னிப்பு. அதற்குப் பிறகு 3,378ஐ வாசித்தாள். நான் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, சரி சொன்னேன்.

கடிதத்தின் ஒரே பிரதி அந்த வீட்டில்தான் இருக்கும். எந்த வீடு என்பது மீட்டர்காரரின் பதிவேட்டில் இருக்கும். அந்த வாரம் அவர் விடுப்பில் இருந்தார். எட்டாவது ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை அவரிடமிருந்து முகவரி வாங்கினாள். வியாழக்கிழமை அங்கே போக அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள்தான் அந்தச் செவ்வாய்.

சனிக்கிழமை மேலிடமும் மீட்டர்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். மேலிடம் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எங்கள் இரண்டு மடிக்கணினிகளும் மேசையில் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நடிப்பில்லை. மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை மடித்து வைத்த பிறகு சொன்னார்.

"அக்கா வியாழக்கிழமைக்கு அரைநாள் லீவ் கேட்டிருந்தாங்க. நான்தான் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னேன். நேத்துதாம்மா சாங்ஷன் ஆகி வந்துச்சு."

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தச் சான்றுத் தாள்ல அக்கா கையெழுத்துப் போட்டாங்களாம்மா?"

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்தபடி, காலியாக. அவர் அதை விரித்து, மடியில் வைத்துத் தடவி நேராக்கினார். பிறகு தான் கொண்டுவந்த ஆறாம் கூட்டக் குறிப்பை எனக்குக் காட்டினார். முதல் தீர்மானம் இரங்கல். இரண்டாவது தீர்மானம்: 'ஆட்சேபணை தெரிவித்திருந்த உறுப்பினர் தற்போது இல்லாமையால், ஆட்சேபணை ஏதும் இல்லை எனக் குழு ஒருமனதாக முடிவு செய்தது.'

"ஒருமனசா இல்ல. நான் பிஸ்கட் எடுத்துக்கல," என்றார் மீட்டர்காரர்.

"சான்றுல யார் சார் கையெழுத்துப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த நிலை அலுவலர்னு நானே போட்டுடறேன்மா. வர்ற வெள்ளிக்கிழமை மாத்தறோம். நீ சரி பண்ணி வச்சிருக்கியாமே அந்தக் கோப்பு, அதை வியாழன் சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடு. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

3,377 வாய் வரைக்கும் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். ஒரு குழு, அதற்கு ஒரு துணைக்குழு, இனிப்பா உப்பா. அதற்குள் ஆறாம் பத்தி வேலையைத் தொடங்கிவிடும்.

"ஒரு பக்கம் பாக்கி இருக்கு சார். முடிச்சுத் தர்றேன்."

"ஒரு பக்கம்தானே," என்றார் மேலிடம். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

அவர் படியிறங்கிய பிறகு மீட்டர்காரர் வாசலில் நின்றார்.

"உங்கம்மா என்கிட்ட ஒரு அட்ரஸ் வாங்கினாங்க. போனாங்களா?"

"இல்லண்ணே."

"அந்த வீட்டுல ஒரு அம்மா தனியா இருக்காங்க. கதவைத் திறக்க மாட்டாங்க. நானே வெளியில இருந்து மீட்டர் பார்த்துட்டு வந்துடுவேன். தண்ணி ஆபீஸ்னு சொன்னா கட் பண்ண வந்திருக்கோம்னு பயந்துடுவாங்க, அதைச் சொல்லாதீங்கன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். அப்ப வேற என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு கேட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"யோசிச்சீங்களா?"

"எங்கேம்மா... மறுநாளே இப்படி ஆயிடுச்சே."

இன்று புதன்கிழமை. மீதி 398ஐ அப்பா வாசிக்க, நான் பார்த்து, நேற்றே முடித்தாயிற்று. ஒரு பக்கக் கடிதத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம். பெயரும் முகவரியும் கிடைத்துவிட்டன. குழாய் அளவையும் தேதியையும் ஊகித்து நானே அடித்தால் நான்கு நிமிடம். மேலிடம் பார்க்க மாட்டார், தலைமை அலுவலகம் பார்க்காது. அந்தப் பக்கத்தை அப்படிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் இப்போது இல்லை. கோப்பைத் திறந்தேன். 3,377க்குப் போனேன். ஒரு எழுத்தும் அடிக்காமல் மூடினேன். அலுவலகத்தில் நாளைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மேலாளர் இரண்டு நிமிடத்தில் சரி என்று அனுப்பிவிட்டார்.

முகவரித் துண்டு அம்மாவின் கைப்பையில், சான்றுத் தாளுக்குப் பின்னால் இருந்தது. மீட்டர்காரரின் எழுத்தில் பெயரும் தெருவும் கதவு எண்ணும். அதன் கீழே அம்மாவின் எழுத்து:

'வியாழன். பத்து மணிக்கு மேல் போகணும், அதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்கிற நேரம். கடிதத்தை அவங்க கையிலேயே வச்சுப் படம் எடுக்கணும், வாங்கிட்டு வரக் கூடாது. கிடைக்கலேன்னா அவசரப்படுத்தக் கூடாது, தேடட்டும், உட்காரணும். கதவைத் தட்டி என்ன சொல்றது'

அதற்குப் பிறகு ஒரு கோடு இழுத்திருக்கிறாள். கோட்டுக்குப் பின்னால் எதுவும் எழுதவில்லை.